ஆயிரம் வீடும் ஓர் ஓடையும்

மலைநாட்டுத் தோட்டமொன்றின் பீலிக்கரையைக் காலை வேளையிற் கண்டவர், அத்தோட்டத்தின் உயிர்நாடி எதுவென வினவமாட்டார். மேட்டுக் காட்டுத்துண்டிற் பிறந்து கல்லிடுக்கிற் கசிந்து வரும் சிற்றோடையே லயத்துக் குடங்களை நிரப்புகின்றது. அவ்வோடைக்கு மேலே புதிய வீடுகள் எழும்போது அதன் கதி யாது?

வீடுகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேயர் காலத்து லயன் அறைகளிலே தலைமுறை தலைமுறையாக நெருங்கி வாழ்ந்தோர்க்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் கிடைப்பது, காலந்தாழ்ந்து வந்த நீதியேயாம். இந்திய உதவியுடனான 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டுமென்ற விதி புகுந்தது. எவை பெருந்திட்டங்கள் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி வரையறுத்தது. வீடமைப்பில் 1,000 வீடுகளுக்கு மேற்பட்டவையே அதில் அடங்கின. சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்படின், அவ்வறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், எவரும் கருத்துரைக்கலாம். ஓட்டத்தின் ஓரிடத்திலேனும் 25 மீற்றருக்கு மேல் அகன்ற நீரோட்டமாயின், கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அமையும் வீடமைப்புக்கு, வீட்டுத்தொகை சிறிதாயினும் அனுமதி வேண்டும்.

நல்ல விதிகளே. ஆனால், தோட்டந்தோறும் ஐம்பதும் நூறுமாக வீடுகள் பிரிந்தெழுந்தால் எத்தொகுதியும் ஆயிரத்தை எட்டாது. பீலிக்கு நீர் தரும் ஓடையோ தாண்டிக் கடக்கும் அகலமே உடையது. கூட்ட வேண்டிய எண்களைக் கூட்டாமலே விடை எழுதிய மாணவனின் கொப்பியை இது நினைவூட்டுகின்றது.

சரிவை வெட்டிச் சமமாக்கும்போது வேர்ப்பிடி இழந்த மண், முதற்பெருமழையிலேயே ஓடையில் இறங்குகின்றது. கூரையிலும் பாதையிலும் விழும் நீர் நிலத்தில் ஊறாது விரைந்தோடிக் கரையை அரிக்கின்றது; ஊறாத நீர் கோடையிற் பீலிக்கு வருவதுமில்லை. மலசலகூடக் குழிகள் ஓடைக்கு அண்மையில் அமைந்துவிட்டால், கீழ்லயத்துக் குழந்தைகளின் வயிற்றிலே அதன் விளைவு தெரியும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மூடிய மண்சரிவை நாடு மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிடம் எழுப்பத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கோரப்படுவது இத்தகைய அபாயம் கருதியே. எனினும் அச்சிபாரிசின் முதல் நோக்கு சரிவின் உறுதி. ஓடையின் நலம் வேறொரு கேள்வி.

ஆதலின், ஓர் ஓடையின் நீரேந்து பரப்பில் அமையும் தொகுதிகள் யாவும் ஒரே வரைபடத்திற் குறிக்கப்பட்டு ஒருங்கே ஆராயப்படல் வேண்டும். அப்படத்திலே பீலியின் ஊற்றும், மரம் வெட்டப்படாத கரை ஒதுக்கும், குழிகளின் இடமும் மண்வெட்டி நிலத்திற் படுமுன் காட்டப்படல் நன்று. நோர்வூட்டுப் பக்கமாயின், மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே நிலம் வெட்டும் வேலையை முடித்துப் புல் பதித்தல் இயலும். அங்குள்ள ஓடைகள் கெஹெல்கமு ஓயாவிற் கலந்து, காசல்ரீ நீர்த்தேக்கம் புகுந்து, களனி கங்கையாகி, அம்பத்தலையிற் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு நகரத்தார் அருந்தும் நீராகின்றன.