வெள்ளம் வருமுன் படகைக் காப்போம்

(நெகிரி செம்பிலான் தோட்டப் பகுதி இளைஞர்களிடையே, பருவமழைக்கு முந்திய ஆயத்தக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காற்றடைத்த சிறு படகைச் சாலைவழியே கொண்டுசெல்லும்போது அதனை எவ்வாறு காப்பது என்பதே இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். கடற்கரை இல்லாத தோட்டத்திற்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் படகைத் தரையில் இழுப்பது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. ஜெம்போல் ஆறு மூவாரில் கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. அதனருகே ஓடும் செர்த்திங் ஆறோ பகாங் ஆற்றின் வழியாகத் தென்சீனக் கடலை நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சிறு நிலத்துண்டின் மீது பழங்கால வணிகர்கள் தங்கள் படகுகளை இழுத்துச் சென்றனர். இழுத்துச் செல்லும் இடம் என்ற பொருளில் ‘பெனாரிக்கான்’ எனும் பெயர் அவ்வழிக்கு நிலைத்தது. அவர்கள் இழுத்தவை மரப் படகுகள். உரசலையும் கல்லையும் ஓரளவு தாங்கின. நாம் இழுப்பது காற்றை நம்பி மிதக்கும் படகு. அதன் உயிர் மெல்லிய ஓர் உறையில் இருக்கிறது.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிலாங்கூர் ஷா ஆலம், ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் படகுக்காகக் காத்திருந்தனர். பொதுமக்கள் பலர் தங்களிடமிருந்த சிறு படகுகளை வாகனங்களில் ஏற்றிக்கொண்டு உதவிக்கு விரைந்தனர். நம் மாநிலமும் அம்மழைக்குத் தப்பவில்லை. அத்தகைய நேரத்தில் படகு இருந்தால் மட்டும் போதாது. அது பழுதின்றி நீர்க்கரையை அடையவும் வேண்டும்.

இதனை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஆற்றோரத்துத் தோட்டமொன்றில் வெள்ளம் புகுந்தபோது, நாங்கள் நால்வர் ஒரு காற்றுப் படகைக் கொண்டுசென்றோம். அவசரத்தில் அகப்பட்ட நைலான் கயிற்றால் படகைக் கட்டியவன் நானே. செம்மண் சடக்கில் குலுங்கிக் குலுங்கி ஒரு மணி நேரம் சென்றோம். கரையில் இறக்கிப் பார்த்தால், கயிறு பதிந்த இடத்தில் உறை தேய்ந்து விரல் நீளத்திற்குக் கிழிந்திருந்தது. எதிரே லயத்து வீட்டின் மேசைமீது இரு குழந்தைகளோடு ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் படகைப் பார்த்தோம். பக்கத்துக் கம்பத்து மலாய் அன்பர் ஒருவர் தம் மரச் சம்பானைக் கொண்டுவந்து அம்மூவரையும் கரைசேர்த்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. நல்வினையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்திற்கு மழையைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

முதலில் படகின் உறையை அறிந்துகொள்வோம். சில படகுகள் பிவிசி எனும் நெகிழிப் பூச்சுக் கொண்ட துணியால் ஆனவை. வேறு சில செயற்கை ரப்பர் பூசப்பட்டவை. இவ்வகை ரப்பரை டூபாண்ட் நிறுவனம் ‘ஹைப்பலான்’ என்ற பெயரில் செய்துவந்தது. அந்நிறுவனம் 2010-இல் அதனை நிறுத்திய பின்னரும் அதே வகைப் பொருளைப் பிறர் செய்கின்றனர். வெயிலைத் தாங்குவதில் இதுவே மேலானது. பிவிசி விலை குறைந்தது, ஆயினும் நாட்பட வெயிலில் விறைத்துப் போகும். பால்மரத்தோடு வாழ்ந்த உங்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில், எண்ணெய், ஓயாத உரசல் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. படகுக்கும் அவையே பகை.

படகைக் கொண்டுசெல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று, காற்றை இறக்கிச் சுருட்டி வண்டிக்குள் வைப்பது. மற்றொன்று, காற்றடைத்தவாறே டிரெய்லர் எனப்படும் இழுவண்டியில் ஏற்றிச் செல்வது. பத்து அடிக்குட்பட்ட, கெட்டியான அடித்தளம் இல்லாத சிறு படகாயின், சுருட்டி எடுத்துச் செல்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. சுருட்டுமுன் மணலையும் சரளையையும் துடைத்தெடுங்கள். மடிப்புக்குள் சிக்கும் ஒரு சிறு கல் வழிநெடுக உறையை அரைத்துக்கொண்டே வரும். பிறகு தடித்த கித்தான் துணியில் பொதியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் படகை அப்படியே போட்டுவிடாதீர்கள். குலையிலும் மட்டைக் காம்பிலும் உள்ள முட்கள் லோரித் தளத்தின் இடுக்குகளில் குத்திட்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் போதும். தளத்தை நன்கு பெருக்கி, பழைய ரப்பர் விரிப்பையோ கனத்த சாக்கையோ விரித்த பின்னரே படகை ஏற்ற வேண்டும்.

இனி, இழுவண்டியைப் பற்றிச் சொல்கிறேன். படகின் எடை அதன் கெட்டியான அடிப்பாகத்தில் தாங்கப்பட வேண்டுமேயன்றிக் காற்றுக் குழாய்களில் அன்று. தாங்கும் பலகைகள் நீளமாக இருக்கட்டும். அவற்றின்மேல் கம்பளம் போன்ற மெத்தென்ற பொருளைப் பொருத்துங்கள். ஆணித்தலையும் திருகுமுனையும் மேலே துருத்தி நிற்கலாகாது. கட்டுவதற்கு மெல்லிய கயிறு வேண்டாம். அகன்ற பட்டை வாரே ஏற்றது. முன்முனையை ஒரு வாராலும், பின்பலகையின் வளையங்களை இரு வார்களாலும் வண்டியோடு பிணையுங்கள். குழாயின் மேலாக வார் செல்ல நேர்ந்தால், அதனடியில் மடித்த துணியையாவது வையுங்கள். காற்றில் வார் துடித்தால் அதுவும் தேய்க்கும்; ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் துடிப்பு அடங்கும். புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்தி, கட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். முதல் குலுக்கலில் தளராத கட்டு அரிது.

காற்றைப் பாதியாக வைத்தால் படகுக்கு நலம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. தொய்ந்த குழாய் பள்ளந்தோறும் அசைந்து உரசும், வாரும் பிடிக்காது. அதே வேளையில் வெயிலை மறந்துவிடலும் ஆகாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காலைப் பெரட்டு நேரத்தில், 27 டிகிரி வெப்பத்தில், குழாயில் சதுர அங்குலத்திற்கு 3.5 இராத்தல் அழுத்தம் வைத்தோம் என்று கொள்வோம். இது வெளிக்காற்றின் 14.7 இராத்தலுக்கு மேற்பட்ட அளவு. ஆக மொத்த அழுத்தம் 18.2. வெயிலில் நிறுத்திய கருநிறப் படகின் உட்காற்று 57 டிகிரியை எட்டினால், மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்து 20 ஆகும். அளவுமானியோ 5.3 காட்டும். அதாவது நாம் வைத்ததைப் போல் ஒன்றரை மடங்கு. உறை சற்று விரிந்து கொடுப்பதால் இது சிறிது குறையலாம்; எனினும் ஒட்டுகளைப் பிரிக்க அது போதுமானது.

ஆகவே நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லாவிடில், அழுத்தத்தைப் பார்த்துச் சிறிது காற்றை விடுங்கள். நீரில் இறக்கிய சில நிமிடங்களில் குழாய் குளிர்ந்து தொய்யும். அப்போது மீண்டும் ஊதிக்கொள்ள வேண்டும். ஆதலால் காற்றுப் பம்பு எப்போதும் படகோடு செல்லட்டும். படகு உங்கள் தோட்டத்தில், பம்பு அடுத்த டிவிஷனில் என்ற நிலை கூடாது.

இயந்திரத்தைப் பின்பலகையில் மாட்டியவாறு நெடுந்தூரம் இழுக்காதீர்கள். 15 குதிரைச் சக்தி இயந்திரம் 35 முதல் 50 கிலோ வரை எடையுள்ளது. புக்கிட் புத்துஸ் பழைய மலைச்சாலையின் வளைவுகளிலோ, தோட்டத்துக் குழிகளிலோ வண்டி துள்ளும்போது அவ்வெடை பின்பலகையை நெம்பி, குழாயோடு சேர்ந்த ஒட்டைப் பிளக்கும். கழற்றி வண்டிக்குள் வைப்பதே நன்று. பெட்ரோல் கலமும் படகினுள் உருளக்கூடாது. கசியும் எண்ணெய் உறையையும் பசையையும் கெடுக்கும். இழுக்கும் வாகனத்தின் புகைக்குழாய் படகின் முன்முனையை நோக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பின்சக்கரத்தில் மண்தடுப்புத் தொங்காவிட்டால், சரளைக் கற்கள் நேரே குழாயில் வந்து தெறிக்கும். மேலுறை போடுவதாயின் இறுக்கமாகப் போடுங்கள். படபடக்கும் உறை, மணலும் சேர்ந்தால், உப்புத்தாளாக மாறிவிடும்.

படகைக் காத்து, அதனைத் தாங்கும் வண்டியைக் கைவிடுவதும் பயனற்றது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை உடனே நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். சிறிது ஆறவிட்டு இறக்குங்கள்; பிறகு கிரீஸ் இடுங்கள். இழுவண்டியின் பதிவு, விளக்கு முதலியன குறித்துச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்னதாகவே கேட்டு முடித்துவிடுங்கள். வெள்ள நாளில் அதற்கு நேரம் இராது.

பணி முடிந்த பின் நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். அதனால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே கழுவுவோர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். ஸ்டோரில் வைக்கும்போதும் எலியை நினைவில் கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைகளுக்குக் கூடு வைக்கிறோம். ஆனால் பூட்டிய ஸ்டோருக்குள் கூகை வந்து காவல் காக்காது. படகைத் தரையில் போடாமல் உயரமாக வையுங்கள். மாதம் ஒருமுறை ஊதி, ஒட்டுகளிலும் வால்விலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும் இடமே ஓட்டை. பிவிசி உறைக்கு உரிய பசை வேறு, ரப்பர் உறைக்கு உரிய பசை வேறு. உங்கள் படகுக்கு உரியதை ஒட்டுத் துண்டுகளோடு இப்போதே வாங்கி வையுங்கள்.

இறுதியாக ஒன்று. வெள்ளம் சூழ்ந்தால் முதலில் 999-ஐ அழையுங்கள். தீயணைப்பு மீட்புத் துறையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும் இப்பணியில் பயின்றவர்கள். ஓடும் வெள்ளத்தில் அவர்களுக்குப் போட்டியாகப் படகை இறக்குவது வீரமன்று. ஆனால் அவர்கள் வந்து சேருமுன், அல்லது படகு போதாமல் நம் உதவியை அவர்களே நாடும்போது, நம்மிடமுள்ள படகு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். ஏறுவோர் அனைவருக்கும் மிதவை அங்கியும் இருக்க வேண்டும்.

இக்கூட்டம் முடிந்ததும் உங்கள் படகு எங்கே இருக்கிறது, அதன் பம்பு எங்கே, வார்கள் எங்கே, சாவி யாரிடம் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தேடிவிட்டு வீட்டுக்குச் செல்லுங்கள். அன்று மேசைமீது நின்ற மூதாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரை சேர்ந்ததும், “நீங்க முன்னமே வந்துட்டீங்களே தம்பி, ஏன் இறங்கல?” என்று மட்டுமே கேட்டார். அக்கேள்வி உங்களில் எவரையும் நோக்கி எழாதிருக்கட்டும்.