சூரியன் இல்லாத தைப்பொங்கல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வானத்திலிருந்து விழும் வெண்பனியை என் கண்ணால் நான் கண்டதில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனித்துளியும், குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படியும் பனிக்கட்டியுமே நான் அறிந்தவை. அத்தகைய ஒருவன் வடதுருவத்தை அண்டிய ஓர் ஊரின் குளிர்காலத்தைப் பற்றிப் பேச முன்வருவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும் என்னிடம் இருபத்துமூன்று கடிதங்கள் இருக்கின்றன.

அவற்றை மறுபடி எடுக்க வைத்தது என் வகுப்பறை. உயர்தர வகுப்பில் புலம்பெயர்ந்த கவிஞர் ஒருவரின் கவிதையை நடத்திக்கொண்டிருந்தேன். "இதில் பனி எதைக் குறிக்கிறது?" என்று கேட்டேன். "சோகம், சேர்" என்றான் முன்வாங்கு மாணவன். "தனிமை" என்றான் இன்னொருவன். "பிரிவுத்துயர்" என்றான் மற்றொருவன். மூன்றும் புள்ளி கிடைக்கக்கூடிய விடைகள். நான் சொல்லிக்கொடுத்த விடைகளுங்கூட. பின்வாங்கிலிருந்து ஒருவன் மட்டும், "சேர், அந்தப் பனிக்குள்ளை சனம் கடைக்குப் போறது எப்பிடி?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான், அந்தக் கேள்விக்குரிய விடை நம் கவிதைகளில் அருகியும் என் பெட்டிக்குள் நிறைந்தும் கிடப்பது நினைவுக்கு வந்தது.

என் பெரியம்மாவின் மகன் 1988 இல் நோர்வேக்குப் போனார். அங்கே ஒரு மக்கள் உயர்பாடசாலையில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். அக்காலத்தில் நம் இளைஞர் பலர் போன வழி அது. அவர் போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் வார்டோ. நோர்வேயின் கிழக்கு முனையில் உள்ள சிறு தீவு. பெருநிலத்துடன் அதை இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 1982 இல் திறக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்கு வடக்கே எழுபது பாகையில் இருக்கும் அவ்வூரில், நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி இருபதாம் திகதியளவில்தான் மீண்டும் தலைகாட்டும்.

பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கல். கடிதம் வாசிப்பதும் பதில் எழுதுவதும் சிறுவனாகிய என் வேலை. 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரிபோட்ட விளக்கின் முன்னால் இருந்துதான் அண்ணனின் கடிதங்களை வாசிப்பேன். அவருக்கு மின்சாரம் இருந்தது, சூரியன் இல்லை. எங்களுக்குச் சூரியன் இருந்தது, மின்சாரம் இல்லை.

சூரியன் வராத ஊர் என்பதைப் பெரியம்மா முதலில் நம்பவேயில்லை. மூன்றுமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவனிட்டை இதைக் கேட்டு எழுது" என்றார். "பொழுதே படாத ஊரிலை விளக்கு வைக்கிற நேரத்தை எப்பிடியடா அறியிறாய்?"

நேயர்களே, இக்கேள்வியின் பெறுமதி எனக்கு அன்று விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நெடுநல்வாடை படித்த நாளில்தான் விளங்கியது. நக்கீரர் பாடிய அந்த 188 அடிகளின் முற்பகுதி முழுவதும் குளிரே. ஆனால் குளிரைப் பற்றி நக்கீரர் அதிகம் சொல்வதில்லை. குளிரில் உயிர்கள் என்ன செய்கின்றன என்பதையே சொல்லிப்போகிறார். கோவலர் மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டுகிறார்கள், தீமூட்டிக் கைகாய்கிறார்கள். பசு கன்றை உதைக்கிறது. மாடத்துப் புறாவுக்கு இரவும் பகலும் தெரியவில்லை. அது இரைதேடப் போகாமல் கால்மாறி நிற்கிறது. மகளிர் பிச்சிமொட்டு விரிவதைக் கொண்டே மாலையாயிற்று என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தை எப்படி அறிவது என்ற பெரியம்மாவின் கேள்வி அங்கே இருந்தது! நெடுநல்வாடையை ஒருநாளும் கேட்டறியாதவர் அவர். பிரிவைப் பாட வந்த நக்கீரருக்கே, பாசறையையும் அரசியின் கட்டிலையும் அடைவதற்கு முன்னால் இத்தனை பேரின் கைவேலை தேவைப்பட்டிருக்கிறது.

அண்ணன் எழுதிய பதில் இது: "அம்மா, இங்கே விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்றில்லை. வைத்த விளக்கை இவர்கள் அணைப்பதில்லை." நத்தாருக்கு முந்திய நான்காவது ஞாயிறு தொடக்கம் வீட்டுக்கு வீடு யன்னலில் ஒரு கடதாசி நட்சத்திரமோ, ஏழு விளக்குகள் கொண்ட தண்டோ ஒளிரும். திரைச்சீலையை யாரும் மூடுவதில்லை. வீதியால் போகிறவனுக்கும் அந்த வெளிச்சம் சேரவேண்டுமாம். மேசையில் நான்கு மெழுகுதிரிகள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு, இப்படி ஏறும். திருக்கார்த்திகையை நான்கு வாரத்துக்கு இழுத்ததுபோல என்று அண்ணன் எழுதியதைக் கேட்டுப் பெரியம்மா தலையாட்டினார்.

அந்த இருள் கன்னங்கரிய இருளுமன்று. நண்பகலை ஒட்டிய ஓரிரு மணிநேரம் வானம் நீலம்பாரிக்கும். நிலத்துப் பனி அதை வாங்கி ஊர் முழுவதையும் நீலமாக்கும். பெளர்ணமியை அண்டிய சில நாட்களில் சந்திரன் மறையாமலே சுற்றும். வெம்மையான கடல்நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. வெப்பமானி காட்டும் குளிரைவிடக் காற்றுத்தான் பொல்லாதது. என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போகிறவர்கள் சப்பாத்தின் அடியில் இரும்பு முள் பூட்டுகிறார்கள். மேற்சட்டையில் ஒளிதெறிக்கும் பட்டியைத் தொங்கவிடுகிறார்கள். விடியுமுன் எழுந்து வாசலிலிருந்து வீதிவரை சவளால் பனியை வெட்டி ஒதுக்குகிறார்கள். வெட்டாவிட்டால் கதவு திறபடாது. தனியாக இருக்கும் முதியவரின் வாசலையும் பக்கத்து வீட்டார் வெட்டிவிடுவார்கள். அதற்கு நன்றி சொன்னால் வெட்கப்படுவார்களாம். ஆங்கில எழுத்து 'ஆர்' வரும் மாதங்களிலெல்லாம் காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிக்கவேண்டும் என்பது அவர்களின் பழைய விதி. செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை கணக்குச் சரியாக வருகிறது. சூரியன் தராத உயிர்ச்சத்தை கொட் மீனின் ஈரல் தருகிறது. அந்த மீனைத்தான் அண்ணன் ஈரம் சொட்டும் கையுறையோடு நாள் முழுவதும் வெட்டிக்கொண்டிருந்தார்.

நத்தார் அவர்களுக்கு 24 ஆந் திகதியே. மத்தியானம் பாலில் காய்ச்சிய அரிசிக்கஞ்சி. மேலே சீனி, வெண்ணெய், கறுவாத்தூள். பெரியம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "அது எங்கடை பாற்சோறல்லோ!" என்றார். கஞ்சிக்குள் ஒரேயொரு பாதாம்பருப்பு ஒளிந்திருக்கும். அது யாருடைய கோப்பையில் அகப்படுகிறதோ அவருக்குப் பாதாம்மாவில் செய்த பன்றிக்குட்டி பரிசு. இரவு உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியோ, காரநீரில் ஊறவைத்துக் களிபோலாக்கிய கருவாடோ உண்பார்கள். பின்னதைப் பற்றி அண்ணன் எழுதிய வசனத்தை வானொலியில் சொல்ல இயலாது. குருவிகளுக்காக ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றை முற்றத்துக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். காகத்துக்குச் சோறு வைத்து உண்ணும் நமக்கு இது புதிதன்று. தொலைக்காட்சியில் வருடந்தோறும் அதே படம்: 1973 இல் வெளியான செக் சிண்டரெல்லா கதை. இளவரசன், சிண்டரெல்லா, சிற்றன்னை அனைவருக்கும் ஒரே ஆண்குரல் நோர்வீஜிய மொழி பேசும். "கதாப்பிரசங்கம் கேட்பது போலிருக்கிறது" என்று அண்ணன் எழுதியிருந்தார்.

1995 ஒக்டோபர் 30 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது பெரியம்மா கையிலெடுத்த சீலைப்பைக்குள் இந்தக் கடிதங்களும் இருந்தன. 1996 இல் வன்னியில், ஓலைக்கொட்டில் ஒன்றில் அவர் காலமானார். பையை நான் எடுத்துக்கொண்டேன். செய்தி அண்ணனைச் சென்றடைய ஆறு வாரமாயிற்று.

அவ்வருட நத்தாரைப் பற்றி அண்ணன் பின்னாளில் எனக்கு எழுதினார். பக்கத்து வீட்டில் ஒரு நோர்வீஜிய ஆச்சி. 24 ஆந் திகதி பிற்பகல் கல்லறைகளுக்குப் போய் விளக்கு வைப்பது அவ்வூர் வழக்கம். மாலை ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்துப் பண்டிகை தொடங்குவதற்கு முன்னர் கல்லறைத்தோட்டம் முழுவதும் பனிக்குள் சிறு சுடர்கள் எரியும். ஆச்சி அண்ணனின் கதவைத் தட்டி, "சவளை எடுத்துக்கொண்டு வா" என்றார். போனார். ஆச்சியின் கணவருடைய கல்லை மூடியிருந்த பனியை வெட்டி ஒதுக்கினார். ஆச்சி ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்தார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டி, "இது உன் அம்மாவுக்கு. இங்கேயே வை, அவருக்கு ஆட்சேபனை இராது" என்று கணவரின் கல்லைக் காட்டினாராம்.

அந்த ஆச்சிக்கு ஓர் கதையுண்டு. 1944 இல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் பின்மார்க்கை எரித்துக்கொண்டே போயின. கிர்க்கெனெஸ் நகரை அடுத்த பியோர்னேவாத்ன் இரும்புச் சுரங்கத்தின் குகைப்பாதைக்குள் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாரக்கணக்கில் ஒளிந்திருந்தார்கள். அதற்குள் குழந்தைகளும் பிறந்தன. ஒக்டோபர் 25 இல் சோவியத் படை வந்த பின்னரே வெளியேறினார்கள். எட்டு வயதுச் சிறுமியாக ஆச்சி அந்தக் கூட்டத்தில் இருந்தவர். நம் தலைமுறை நோர்வேயை அறிந்தது க.நா.சு. தமிழாக்கிய நட் ஹாம்சனின் 'நிலவளம்' வழியாகத்தான். நான் அந்நாவலை வியந்து எழுதப்போக, அண்ணன் ஆச்சியிடம் விசாரித்திருக்கிறார். "எழுதத் தெரிந்த மனிதன்தான். ஆனால் அவன் புத்தகம் என் வீட்டுக்குள் வராது" என்றாராம். ஹாம்சன் அந்தப் போரில் ஜெர்மானியரை ஆதரித்தவர்.

இனித் தைப்பொங்கலுக்கு வருவோம். 1989 இல் தமிழ் இளைஞர் நால்வர் ஓர் அறைக்குள் மின்னடுப்பில் பானை வைத்துப் பொங்கினார்கள். சூரியனுக்குப் படைக்கவேண்டும். ஜனவரி 14 இல் அவ்வூரில் சூரியன் இல்லை. கிழக்குத் திசையை விசாரித்து யன்னலோரம் வாழையிலைக்குப் பதிலாகத் தட்டொன்றை வைத்தார்கள். வெளியே நீல இருள். அதைக் கேட்ட பெரியம்மா சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்: "அவர் வாற நாளிலை பொங்கச் சொல்லு. வராதவருக்கு என்னத்துக்குப் படைக்கிறது?" சாத்திரிமார் இதை ஏற்பார்களோ தெரியாது. அண்ணன் ஏற்றுக்கொண்டார். அடுத்த வருடம் எழுதினார்: "அம்மா, இங்கே சூரியன் முதல் நாள் கிழக்கில் எழும்புவதில்லை. நண்பகலில் தெற்கில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அதிலேயே தாழ்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பக்கமிருந்து."

பெரியம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் அண்ணன் ஒன்றை மட்டும் மறைத்திருந்தார். வார்டோவில் 1730 களில் கட்டிய நட்சத்திர வடிவக் கோட்டை ஒன்று உண்டு. மரமே வளராத அவ்வூரில் அக்கோட்டைக்குள் நட்ட ரோவன் மரமொன்றைக் குளிர்காலந்தோறும் போர்த்திக் காப்பாற்றி வந்தார்கள். 2002 இல் அது பட்டுப்போயிற்று. சூரியவட்டம் முழுதாகத் தெரியும் முதல் நாளில் அக்கோட்டையிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. பிள்ளைகள் காத்திருக்கும் சத்தம் அது.

1996 இறுதியில் அண்ணியும் மூன்று வயது மகளும் கொழும்பு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மறு ஜனவரியில், அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரம், கோட்டையில் பீரங்கி வெடித்தது. அண்ணி பிள்ளையை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டார். அண்ணன் வந்து பார்த்தபோது வீடு இருண்டு கிடந்தது. யன்னல் நட்சத்திரத்தையும் அணைத்திருந்தார். அன்று பொங்கவில்லை.

மறுநாள் அண்ணன் இதை ஆச்சியிடம் சொன்னார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்த வருடம் அந்த நாள் வந்தது. காலையிலேயே ஆச்சி வந்து, முள்ளுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போய் அண்ணிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். இருவருக்கும் பொதுவான மொழி அப்போது பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. சுவர் மணிக்கூட்டைக் காட்டி, வரப்போகிறது என்று சைகை செய்தார். வெடி தீர்ந்து முடியும்வரை அண்ணியின் கையை விடவில்லை. அடுப்பில் பானையில் பால் பொங்கி வழிந்தது. எடுத்து இறக்க இருவருக்கும் கை ஒழியவில்லை என்று அண்ணி எனக்கு எழுதியிருந்தார்.