துண்டான விரலும் குருதியோட்டமும்

(மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கான உரை)



எந்திரத்தில் சிக்கி முற்றிலும் துண்டான கட்டைவிரலை 1965-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் கொமாட்சுவும் தமாயும் மீண்டும் பொருத்தி வெற்றி கண்டனர். இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் கோவை கங்கா மருத்துவமனையிலும் இத்தகைய நுண் அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது.

ஏறத்தாழ 1 மில்லி மீட்டர் பருமனுள்ள இரத்தக் குழாயைத் தைத்துவிட்டால் மட்டும் விரல் பிழைத்துவிடாது. அதன் வழியே குருதி ஓட வேண்டும். அதற்கு உந்துவிசை இரத்த அழுத்தமே. அழுத்தம் 120/80 என்றால் அதன் சராசரி சுமார் 93. இது மிகவும் தாழ்ந்தால் தைத்த குழாயில் ஓட்டம் தளரும், குருதி உறையும்.

ஆயினும் அழுத்தம் மட்டும் போதாது. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் பாயும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். குளிர், வலி, புகையிலை ஆகிய மூன்றும் குழாயைச் சுருக்குபவை. எனவேதான் நோயாளியை வெதுவெதுப்பாக வைத்து, வலியை அடக்கி, புகைப்பதைத் தடுக்கிறார்கள். இழந்த குருதியை ஈடுசெய்ய நீர்மம் ஏற்றுவது அவசியம். அளவு மீறினாலோ திசு வீங்கிச் சிரைகளை நெரிக்கும். அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள் குழாயைச் சுருக்கிவிடும் என்று முன்னர் அஞ்சினர். இடம் மாற்றிப் பொருத்திய திசுக்களுக்கு, அளவோடு தரும்போது அவை கேடு செய்வதில்லை என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

பொருத்திய விரல் வெளுத்தால் குருதி வந்து சேரவில்லை என்றும், நீலம் பாரித்தால் திரும்பிச் செல்ல வழியில்லை என்றும் பொருள். உடனே கவனித்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு.

இவை மருத்துவர் பொறுப்பு. முதல் சில நிமிடங்களோ உடன் பணிபுரியும் உங்கள் பொறுப்பு. காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். குருதி வீணாகாதிருந்தால் அழுத்தமும் வீழாது. துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகத் தொட்டால் திசு அழியும். குளிர்விக்காத விரல் சுமார் 12 மணி நேரமும், குளிர்வித்த விரல் சுமார் 24 மணி நேரமும் தாங்கக்கூடும். தசை மிகுந்த கையோ, குளிர்விக்காவிடில் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

ஆகவே எந்த மருத்துவமனையில் இச்சிகிச்சை உண்டு, அதன் தொலைபேசி எண் என்ன, யார் வண்டி தருவார் என்பவற்றை விபத்துக்கு முன்பே எழுதி, பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஓர் உழைப்பாளியின் விரல் ஒரு குடும்பத்தின் வாழ்வு.