வாசித்துக் காட்ட ஒரு குரல்

(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் தட்டச்சுக்கும் சுருக்கெழுத்துக்கும் போவது அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலும் புதிதல்ல. மழையை நம்பிய கரிசல் காடு, மில் வேலை, சின்னக் கடை என்று வாழ்கிற நமக்கு, வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் வந்தால் அது எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதுதான்: தட்டச்சில் சேர்ந்த பிள்ளை சான்றிதழோடு வருகிறது, சுருக்கெழுத்தில் சேர்ந்த பிள்ளை பாதியில் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது, வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

சுருக்கெழுத்தில் நம் நாட்டில் பெரிதும் பழக்கத்தில் இருப்பது, இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை. அது எழுத்தைப் பார்த்து எழுதுவதல்ல, காதில் விழும் ஒலியை எழுதுவது. படுக்கிற பாயையும், நம்மை ஊரார் 'பாய்' என்று கூப்பிடுவதையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆனால் ஒலி வேறு. பிட்மன் முறையில் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. இரண்டாவதற்கு அதே சாய்வில் அழுத்தமான கோடு. அதனால்தான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

மெய்யொலிகளுக்குக் கோடுகள், உயிரொலிகளுக்குப் பக்கத்தில் சிறு புள்ளிகளும் சிறு கீற்றுகளும். மக்தபில் ஜபர், ஜேர், பேஷ் வைத்து எழுத்துக் கூட்டி ஓதிய பிள்ளைக்கு இது அந்நியமாகத் தெரியாது. அந்தக் குறிகள் இல்லாத அரபி நூல்களை ஆலிம்கள் பழக்கத்தால் வாசிப்பதுபோல, வேகம் கூடக் கூடச் சுருக்கெழுத்திலும் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதையும், சொல் வந்த இடத்தையும் பார்த்து வாசிப்பார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. கோடுகளைப் படித்து முடித்து, சொல்லக் கேட்டு எழுதும் கட்டம் வரும்போதுதான் பிள்ளை திணறுகிறது. கையெழுத்தில் நிமிடத்துக்கு 30 சொல் எழுதுவதே பெரும்பாடு. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சுருக்கெழுத்தர் தேர்வில் 'டி' பிரிவுக்கு நிமிடத்துக்கு 80 சொல், 'சி' பிரிவுக்கு 100 சொல் என்ற வேகத்தில் 10 நிமிடம் விடாமல் எழுத வேண்டும். அந்த வேகம் தினமும் கேட்டு எழுதினால்தான் கைக்கு வரும். தட்டச்சுக்கு இயந்திரம் போதும். சுருக்கெழுத்துக்கு வாசித்துக் காட்ட ஒரு குரல் வேண்டும். பயிற்சி நிலையத்தில் கிடைப்பதோ தினம் கொஞ்ச நேரம். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபின் வாசித்துக் காட்ட ஆள் இல்லை. வேகம் ஏறாமல் நின்றதும், 'நமக்கு இது வராது' என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. அது பிள்ளையின் குறை அல்ல.

அந்தக் குரலாக நாம் இருக்கலாம். சுருக்கெழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து, 20 சொல்லுக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 20 நொடி எடுத்துக்கொண்டால் அது 60 சொல் வேகம். 15 நொடி என்றால் 80. 12 நொடி என்றால் 100. பிள்ளை திணறினாலும் நிறுத்தாமல் வாசியுங்கள். விட்டுப்போன சொல்லுக்கு இடம்விட்டுத் தொடர்வதும் பயிற்சிதான். பிறகு எழுதியதை அன்றைக்கே திருப்பி வாசிக்கச் சொல்லி, நாளிதழோடு ஒத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு, பள்ளியில் படிக்கும் தம்பி வாசிக்கட்டும். அவனுக்கும் வாய் திருந்தும். போனில் வேகப் பதிவுகள் கிடைக்கின்றன, அவற்றையும் கேட்கட்டும். ஆனால் எங்கே தடுமாறியது என்று கூட உட்கார்ந்து பார்க்கிறவர் வீட்டு ஆள்தான்.

'பேச்சைப் போனிலேயே பதிவு செய்யலாமே, இனி இது எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வேலை உறுதி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணி இருக்கிறது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தவர்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு. இதற்கான தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. நம் சமுதாயத்துக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. தகுதியோடு விண்ணப்பிக்கிற பிள்ளை இருந்தால்தானே அது பயன்படும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகரா சூராவின் 282ஆம் வசனம், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. எழுதுவது ஓர் அமானிதம். 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கூண்டில் நின்றது மேடையில் பேசிய பேச்சுக்காக. அந்தப் பேச்சுகளைக் காவல்துறையினர் குறித்துவைத்த குறிப்புகள் வழக்கில் சாட்சியமாயின. வ.உ.சி.க்கு அந்த நீதிமன்றம் விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதிக்கொள்வதில் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது, பாருங்கள். கேட்டதில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, ஒன்றைக் குறைக்கவும் கூடாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது பணமல்ல, நாளுக்கு அரை மணி நேரம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் டி.வி.யை அணைத்துவிட்டு அத்தாவோ அம்மாவோ வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டார் வாசியுங்கள். பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி முடித்ததும் படிப்பை நிறுத்தாதீர்கள். போகிற வீட்டிலும் வாசித்துக் காட்ட ஒருவர் இருப்பார்.

நம் பிள்ளைகளின் கைக்கு வேகத்தையும், எழுத்துக்கு நேர்மையையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.