ஒலியில் நேரும் திரிபு



பள்ளி விழாவில் ஒலிபெருக்கி கரகரத்தால் "இரைச்சல் மிகுதி" என்கிறோம். இரைச்சல் வேறு, திரிபு வேறு. இரைச்சல் பேச்சொலியோடு வந்து கலப்பது. பேச்சு நின்றாலும் அது நிற்பதில்லை. திரிபோ அப்பேச்சொலியிலிருந்தே கருவி உண்டாக்குவது. பேச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். இவ்வேறுபாட்டை அறியாதவர், இரைச்சலை வெல்ல எண்ணி ஒலியளவை மேலும் கூட்டித் திரிபை வளர்த்துவிடுவர்.

நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். அம்மூன்றும் இங்கு ஒருங்கே நிகழ்கின்றன. ஒவ்வொரு பெருக்கிக்கும் அதன் மின்வழங்கல் இடந்தரும் எல்லை ஒன்று உண்டு. அதனை மீறும் அலையின் முகடு வெட்டுண்டு மறைகிறது, இது கெடுதல். வளைந்த அலை சதுர வடிவை நோக்கி மாறுகிறது, இது திரிதல். மூலத்தில் இல்லாத அதிர்வெண்கள் பிறக்கின்றன, இது தோன்றல். மேலும் கீழும் சமமாக வெட்டுண்டால், 1000 ஹெர்ட்ஸ் தனிச்சுரத்தோடு 3000, 5000 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்தொலிக்கும்.

நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடங்களில் பெருக்கிகள் அடுத்தடுத்து நின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது திரித்தது. 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் சென்ற அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக் ஒரு தீர்வு கண்டு, கையிலிருந்த நாளிதழின் பக்கத்திலேயே அதனை எழுதினார். வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்நிலையில் உள்ளீட்டுக்குத் திருப்பினால், பெருக்கி தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும். பெருக்கத்தில் ஒரு பகுதியை இழப்பதே அதற்கு விலை. எதிர்ப்பின்னூட்டம் எனும் அம்முறை இன்றும் ஒலிக்கருவிகளில் வழங்குகிறது.

ஆயினும், வெட்டுண்ட முகட்டை அம்முறையாலும் மீட்க இயலாது. பதிவின்போது எல்லை மீறிய ஒலியைப் பின்னர் எவ்வளவு தணித்தாலும், அது தணிந்த திரிபாகவே இருக்கும். வாய்மொழித் தேர்வைப் பதிவுசெய்யும் ஆசிரியர் இதனை மறத்தலாகாது. தொடரைக் கொண்டு பொருளை ஊகித்துவிடலாம்; ஆனால், மாணவர் ழகரத்தைச் செம்மையாக ஒலித்தாரா என்பதே வினாவாயின், திரிந்த பதிவு தக்க சான்றாகாது. பிழை கருவியுடையதாக இருக்க, மதிப்பெண் மாணவருக்குக் குறையக்கூடும்.

ஆகவே, பதிவைத் தொடங்குமுன் மாணவரை ஒருமுறை உரக்கப் பேசச் செய்யுங்கள். அளவுமானி சிவப்பைத் தொடாதவாறு ஒலிவாங்கியின் அளவைக் குறைத்து அமையுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். அம்மாணவரின் குரலுக்கு நாம் செய்யும் முதல் நீதி அதுவே.