இடமலைக்குடியின் பள்ளிப்பிள்ளைகள்



மூணாற்றிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடே வடக்கு நோக்கிச் சென்றால் பெட்டிமுடி என்னும் இடத்தை அடையலாம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமாக எழுபதுபேர் மாண்ட இடம் அதுவே. தேயிலை அங்கே முடிகிறது, காடு தொடங்குகிறது. என்றும் பசுமை மாறாத மழைக்காடு அது. அட்டைகள் காலைப் பற்றும். யானை எத்திருப்பத்தில் நிற்கும் என்று சொல்லுதற்கில்லை. அக்காட்டினுள்ளே 18 கிலோமீட்டர் சென்றபின்னர்தான் முதுவர் வாழும் குடிகள் கண்ணிற்படும். ஜீப் செல்லும் வழி ஒரு பகுதி வரையில் ஏற்பட்ட பின்னரும் பல குடிகளுக்குக் கால்நடையே கதி. இருபதுக்கு மேற்பட்ட இச்சிறு குடிகளின் தொகுதியைத்தான் இடமலைக்குடி என்கிறோம். மூணாற்றுப் பஞ்சாயத்தின் ஒரு வட்டாரமாக இருந்த இது, 2010-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதற் பழங்குடிப் பஞ்சாயத்து ஆயிற்று.

முதுவர் தம் முன்னோர் மதுரையினின்றும் வந்தவர் என்பர். மலையேறி வந்தபோது முதுகிற் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றனராம். சுமந்தது குழந்தைகளை என்பாரும் உளர். மீனாட்சியம்மையின் திருவுருவை என்பாரும் உளர். வரலாற்றறிஞர் இதனை எவ்வளவு ஏற்பர் என்பது வேறு செய்தி. ஆயின் அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது என்பதில் ஐயமில்லை. முதுவப் பெண்டிர் இன்றும் குழந்தையை முதுகிற் கட்டிய துணியிலேயே சுமக்கின்றனர்.

கேழ்வரகும் ஏலமும் தேனும் காட்டு மூங்கிலும் அவர்களுடைய செல்வம். மணமாகாத இளைஞர் இரவிற் கூடித் தங்குவதற்குச் சாவடி உண்டு. குடியின் காரியங்களைத் தலைவரும் முதியோரும் கூடியிருந்து முடிவு செய்வர். அம்முடிவின் வலிமையை அண்மையிற் கண்டோம். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, வெளியார் எவரும் உள்ளே வரலாகாது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டனர். நாடெங்கும் நோய் மூண்டிருக்க, 2021 ஜூலை வரையில் அங்கு ஒருவருக்கேனும் அந்நோய் காணப்படவில்லை. இத்தகையோரை ‘ஒன்றும் அறியாதவர்’ என்று பேசுவோர்க்கு என்ன விடை கூறுவது!

இவ்வூரின் எதிர்காலம் பற்றிப் பேச்செழுந்தால், எல்லோரும் முதலிற் சொல்வது சாலை. அது தவறன்று. நோயாளியைத் துணியிற் கிடத்தி, கழியிற் கட்டித் தோள்மீது சுமந்து, மழையில் மலையேறி வந்த துன்பத்தைப் பல தலைமுறைகள் பட்டுவிட்டன. 2023-இல் அங்கே ஒரு குடும்ப நலவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது நல்ல காரியம். ஆயினும் சாலை, ஊரை விட்டு வெளியேறவும் உதவும். ஊருக்குள் எவரேனும் நுழையவும் உதவும். அச்சாலையிற் செல்லும் பிள்ளை என்ன அறிவோடு செல்கிறது என்பதே பள்ளியாசிரியனாகிய எனக்குத் தோன்றும் வினா.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு முதலிற் புகட்டிய விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்பது. இடமலைக்குடிப் பிள்ளை அறிந்தது முதுவர் பேச்சு. பள்ளியிற் பாடம் நடப்பதோ மலையாளத்தில். இரண்டும் அண்டை மொழிகள்தாமே, குழந்தை எளிதிற் பற்றிக்கொள்ளுமே என்று தோன்றும். அந்த அண்மையே இங்கே இடர் செய்கிறது. தமிழ் கேட்டு வளர்ந்த செவிக்கு ‘வெள்ளம்’ என்றால் ஆற்றிற் பெருகி வருவது. மலையாளத்தில் அது குடிக்கும் நீர். ‘பறை’ நமக்குக் கொட்டும் கருவி. அங்கே ‘சொல்’ என்னும் ஏவல். முற்றிலும் புதிய மொழியாயின், குழந்தைக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியர் உடனே உணர்ந்துவிடுவார். பாதி விளங்கும் மொழியில், குழந்தை தலையசைக்கும்; ஆசிரியரும் அடுத்த பாடத்திற்குச் செல்வார். மூன்றாம் வகுப்பில், ‘இப்பிள்ளை மந்தம்’ என்ற தீர்ப்பு எழுதப்படும். தலையசைப்பைக் கல்வியென்று கொள்ளும் வகுப்புகளை, காட்டுக்கு வெளியேயும் நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன்.

இடமலைக்குடியிலுள்ள பள்ளி நெடுங்காலம் நான்காம் வகுப்போடு நின்றது. அதற்குமேற் படிக்க மூணாறு முதலிய இடங்களின் விடுதிகளுக்குச் செல்லவேண்டும். பத்து வயதுப் பிள்ளை தாயையும் காட்டையும் மொழியையும் ஒரே நாளில் விட்டுச் செல்வது எளிதா? விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் பலர் திரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. அரசியலமைப்பின் 350-அ பிரிவு, 1956-ஆம் ஆண்டிலேயே, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டும் என்று கூறிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரையில் தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. இவ்விரண்டும் மலையேறி வந்து சேரக் காலம் ஆகும் போலும்.

காட்டுக் குடிகளுக்குப் பொருந்திய ஏற்பாடு ஒன்று கேரளத்தில் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஓராசிரியர் பள்ளிகள் அவை. ஆசிரியர் ஒருவர் ஆற்றையும் மலையையும் கடந்து சென்று, எல்லா வகுப்பினரையும் ஓரிடத்தில் இருத்திக் கற்பித்தார். 2022-இல் அவை மூடப்பட்டன. பிள்ளைகள் முறையான பள்ளிகளிற் சேரவேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். ஏட்டளவில் அதற்கு மறுப்பில்லை. ஆயின் அப்பள்ளிகளில் இருபதாண்டுகள் கற்பித்தோர் சிலருக்குப் பின்னர்க் கிடைத்தது, வேறு பள்ளிகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை. எந்தத் தொழிலும் இழிவன்று. ஆனால் குடியின் பேச்சைக் காதாலேனும் கற்றிருந்த ஓர் ஆசிரியரின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தபோது, வீணானது அவருடைய மதிப்பு மட்டுமன்று.

முதுவர் படிப்பில் நாட்டமற்றவர் என்பாரை நான் ஒப்பேன். அங்கே இருப்புக்கல்லு என்னும் குடியில் முதுவர் ஒருவர் நடத்திய தேநீர்க் கடையே நூலகமாக விளங்கிற்று. அங்கிருந்த ஓராசிரியர் பள்ளியின் ஆசிரியர் அதற்குத் துணை நின்றார். ஏறத்தாழ 160 நூல்கள். அவற்றை வைக்கச் சாக்குப்பைகள். எடுத்துச் சென்றவரைக் குறிக்கக் கையெழுத்துப் பதிவேடு. அந்நூல்களிடையே சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. மதுரையை விட்டு வந்தோம் என்னும் மக்கள், மதுரை எரிந்த கதையை மலையாளத்திற் படித்தனர்!

மலையாளம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அரசுப் பணிக்கும் கடைத்தெருவுக்கும் அது வேண்டும்; பெற்றோரும் அதனையே விரும்புவர், சிலர் ஆங்கிலத்தையும் விரும்புவர். அது ஏறும் படி எது என்பதுதான் வினா. ஒடிசா மாநிலம் 2006 முதற்கொண்டு பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் அவர்தம் மொழியிற் கற்பித்து, படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச் செல்கிறது. கேரளத்திலேயே வயநாட்டில், 2017-இல், ஆசிரியப் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞரைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தினர். ஆகவே இது நடவாத காரியமன்று.

இடர்ப்பாடு ஒன்று உண்டு; அதனையும் சொல்லவேண்டும். இவ்வாண்டு முதல் வகுப்பிற் சேரும் முதுவக் குழந்தை, இடையில் நில்லாமற் படித்தாலும், பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பும் ஈராண்டுப் பயிற்சியும் முடித்துத் தன் குடியில் ஆசிரியராக நிற்கப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க இயலாது. ஆதலால், பத்தாம் வகுப்பேனும் கற்ற முதுவப் பெண் ஒருத்தியை முதலிரண்டு வகுப்புகளில் ஆசிரியரின் அருகே அமர்த்தவேண்டும். ஆசிரியர் ‘வெள்ளம்’ என்றவுடன், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அது எந்த வெள்ளம் என்று அவர்கள் மொழியிற் சொல்லுவதே அவளுக்கு முதல் வேலை. அதற்கு மாதச் சம்பளம் தரவேண்டும். மழைக்காலத்திலும் நிறுத்தாமல் தரவேண்டும்.