மூன்று வாரம் தாண்டிய கரகரப்பு

சளி பிடித்தால் தொண்டை கட்டும்; ஒரு வாரம், பத்து நாளில் குரல் திரும்பிவிடும். குரல்வளை வீக்கம் 3 வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், அதை நாள்பட்ட குரல்வளை அழற்சி என்கிறார்கள்.

பேசும்போது குரல் நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்களுக்கு 200 முறை அளவிலும் அதிர்கின்றன. வீங்கித் தடித்த நாண் சீராக அதிராது. குரல் கம்மிப்போகும்.

புகை, தூசி, ஓயாத உரத்த பேச்சு எல்லாம் காரணம்தான். பலர் சந்தேகிக்காத ஒன்று வயிற்று அமிலம். இரவு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அது குரல்வளை வரை ஏறிவரலாம், நெஞ்செரிச்சலே இல்லாமல்கூட. காலையில் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி செருமிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் செருமல் நாண்களை இன்னும் புண்ணாக்கும். செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வல்ல. பலருக்கு அது நாண்களை இறுக்கும்.

எனக்குப் பெரிய கவலை ஆசிரியர்களைப் பற்றித்தான். மின்விசிறி இரைச்சலுக்கு மேல் நாள் முழுக்கக் கத்துகிறார்கள். இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், டீச்சர்.

3 வாரமாகியும் குரல் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மெல்லிய குழாய்க் கேமராவால் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். புகைபிடிப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. குரல் நாணில் வரும் புற்றுநோய்க்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் இதே கரகரப்புதான். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.